புறநகர் ரயில் நிலையத்தின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி? கடற்கரை–தாம்பரம் தடத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை உள்ள எந்த ரயில் நிலையத்தைப் பற்றித் தேடினாலும் 1931 என்ற ஆண்டு வந்து நிற்கும். மாம்பலத்துக்கும் 1931, பல்லாவரத்துக்கும் 1931. வெகுகாலம் கழித்து முளைத்த நிலையங்களின் பக்கங்களில்கூட அதே பத்தியை அப்படியே ஒட்டியிருப்பார்கள். உண்மையில் அது இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை (இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை) 1870-களிலேயே சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீராவி எஞ்சின்கள் போய்வந்த வழியில்தான் பிறகு மின்கம்பி இழுத்தார்கள். ஆகவே உங்கள் ஊர் நிலையம் 1931-க்கு மூத்ததாகவும் இருக்கலாம், இளையதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வழிமுறை இது. இந்தத் தடத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டித் தடங்களுக்கும் முறை இதேதான்.

முதலில் இரண்டு பட்டியல்

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தடத்தின் தேதிகள், வலப்பக்கம் நிலையத்தின் தேதிகள். இணையத்தில் சுற்றும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலப்பதால் வருபவை.

இடப்பக்கம் எல்லா நிலையங்களுக்கும் பொது. இந்தத் தடத்துக்கு அதை இப்படி நிரப்பலாம்: 1870-களில் மீட்டர் பாதை; 1908-இல் எழும்பூர் நிலையத்தின் இப்போதைய கட்டடம்; 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் புறநகர் ரயில்; 1944-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அரசின் கைக்கு வந்தது; 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே உருவானது; 1967-இல் 25,000 வோல்ட் மாறுமின்சாரம்; 2004-இல் மீட்டர் பாதை மின்சார ரயிலுக்கு விடை.

வலப்பக்கத்தில் வரவேண்டியவை: நிலம் எடுத்த நாள், முதன்முதலாக வண்டி நின்ற நாள், டிக்கெட் கொடுக்கும் அறை வந்த நாள், இப்போதைய கட்டடம், மேடைகள் கூடியதும் நீண்டதும், பெயர் மாறியது, பக்கத்து லெவல் கிராசிங் மூடப்பட்டது. தொடங்கும்போது இந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். நம் வேலை அங்கேதான்.

ஒவ்வொரு தேதிக்கும் அருகே ஆதாரத்தையும், அது எவ்வளவு உறுதி என்பதையும் குறியுங்கள். "இதே நாள்", "இதற்குப் பிறகு", "இதற்கு முன்", "இந்த இரண்டுக்கும் நடுவே" என்ற நான்கு வகை போதும். நேரடியான தேதி கிடைக்கும்வரை இந்த எல்லைகளை இருபுறமும் நெருக்கிக்கொண்டே போவதுதான் முறை.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

செலவில்லாத ஆதாரம் பெயர். குரோம்பேட்டை என்ற பெயர் அங்கே வந்த குரோம் தோல் தொழிற்சாலையால் ஏற்பட்டது. அத்தொழிற்சாலை 1912-இல் தொடங்கியது; ஆகவே அந்தப் பெயரில் நிலையம் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. தாம்பரம் சானடோரியத்துக்கும் அப்படியே: டாக்டர் சௌரிமுத்து காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1928-இல். வடக்கே விம்கோ நகர் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். மேற்கே இந்து காலேஜ் கல்லூரியின் பெயர். வியாசர்பாடி ஜீவா, தோழர் ஜீவானந்தத்தின் நினைவு. இவை எல்லாம் "இதற்குப் பிறகு" என்ற எல்லையை ஒரே நிமிடத்தில் கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நிலையம் வேறு பெயரில் முன்பே இருந்து, பிறகு பெயர் மாறியிருக்கலாம். பெயர் தரும் எல்லை அந்தப் பெயருக்கு மட்டும்தான்.

"மெட்ராஸ்" என்ற சொல்லிலும் பொறி இருக்கிறது. 1856-இல் மெட்ராஸ் ரயில்வேக்கு மெட்ராஸ் என்றால் ராயபுரம். 1873-க்குப் பிறகு சென்ட்ரல். தென்னிந்திய ரயில்வேயின் அட்டவணையிலோ அது எழும்பூர். இன்றும் எழும்பூரின் குறியீடு "எம்.எஸ்.", சென்ட்ரலின் குறியீடு "எம்.ஏ.எஸ்." என்றிருப்பது அந்தப் பழைய பங்காளிக் கணக்கின் மிச்சம். பழைய ஆவணத்தில் "மெட்ராஸிலிருந்து இத்தனை மைல்" என்று கண்டால், எந்தக் கம்பெனியின் ஆவணம் என்று பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

நிலையத்தில் இரண்டு மணி நேரம்

10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் 2 மணி நேரத்துக்குச் செல்லும். முதல் சுற்றுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலை போனால் கூட்டம் குறைவு. நோட்டு, 5 மீட்டர் டேப், சுண்ணக்கட்டி, போன் போதும். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது; ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பார்க்க வேண்டியவை எல்லாம் மேடையிலிருந்தே தெரியும்.

முதலில் எதிர் மேடையின் பக்கச் சுவரைப் பாருங்கள். நிலையத்தில் பொய் சொல்லாத பாகம் அதுதான். மீட்டர் பாதைக் காலத்தில் மேடை தாழ்வு. இன்றைய அகலப்பாதையில் உயர்மேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இடித்துக் கட்டுவதைவிட மேலே ஏற்றிக் கட்டுவது மலிவு என்பதால், கீழே கருங்கல்லோ பழைய செங்கல்லோ, மேலே கான்கிரீட்டோ என்று அடுக்கடுக்காகத் தெரியும். செங்கல் வரிசைகளை எண்ணுங்கள்: சாந்தோடு சேர்த்து ஒரு வரி சுமார் 7–8 செ.மீ. பழைய மேடையின் உயரம் கிடைத்துவிடும்.

அடுத்து மேடையோடு நீளவாக்கில் நடந்து போங்கள். பெட்டிகள் கூடக்கூட மேடையை நீட்டியிருப்பார்கள். 12 பெட்டி வண்டிக்கு 250 மீட்டருக்கு மேல் வேண்டும். தரைக்கல் மாறும் இடம், விளிம்புக்கல்லின் அளவு மாறும் இடம், கூரைத் தூண்களின் இடைவெளி மாறும் இடம் ஆகியவை நீட்டிப்பின் தையல்கள். நிலையத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை அடி எடுத்து வைக்கிறீர்கள் என்று குறித்து, உங்கள் காலடியின் நீளத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இருபுறமும் சமமாக நீளவில்லை என்றால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் லெவல் கிராசிங்கோ சுரங்கப்பாதையோ இருந்திருக்கும்.

பிறகு கட்டடத்தின் வாசல். மேடையிலிருந்து டிக்கெட் அறைக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருந்தால், சன்னல் அடிக்கட்டை மேடையோடு ஒட்டிக் கிடந்தால், கட்டடம் மேடை உயர்வதற்கு முந்தியது. மேடையும் வாசலும் சமமட்டம் என்றால் பிந்தியது என்று கொள்ளலாம். தரையை உயர்த்தியிருக்கவும் கூடும் என்பதால் கதவின் உயரத்தையும் பாருங்கள்; ஆறடிக்காரர் தலை குனிய வேண்டிய வாசல் என்றால் தரை ஏறியிருக்கிறது.

பழைய தண்டவாளத் துண்டுகளைக் கூரைத் தூணாகவும் வேலிக் கம்பாகவும் நட்டிருப்பது இந்தத் தடங்களில் வழக்கம். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் செய்த ஆலையின் பெயர், கஜத்துக்கு எத்தனை பவுண்டு, உருட்டிய ஆண்டு ஆகியவை புடைப்பெழுத்தில் இருக்கும். பத்துப் பூச்சு பெயின்ட் ஏறியிருந்தால் எழுத்து தெரியாது. சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேயுங்கள், அல்லது போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். ஆனால் அந்த ஆண்டு கூரையின் ஆண்டு அல்ல. தண்டவாளம் பாதையில் உழைத்து ஓய்ந்த பிறகுதான் தூணாகும். இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட நட்டிருக்கலாம். "இதற்குப் பிறகு" என்று மட்டும் எழுதுங்கள்.

கடைசியாகக் கல்வெட்டு. எல்லோரும் முதலில் படமெடுப்பது இதைத்தான், நாமோ கடைசியில் வைக்கிறோம். அடிக்கல், திறப்பு, புதுப்பிப்பு மூன்றும் வேறு. 2023 ஆகஸ்ட் 6 அன்று மட்டும் நாடு முழுவதும் 508 நிலையங்களின் மறுசீரமைப்புக்கு ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து வருபவர் அந்தக் கல்லைப் பார்த்து நிலையமே 2023 என்று எழுதிவைக்கக்கூடும். கல்லில் உள்ள வினைச்சொல்லைத் தேதியோடு சேர்த்து அப்படியே நகலெடுங்கள்.

பக்கத்துத் தெருவில் சத்திரமோ கோயில் மண்டபமோ இருந்தால் அதன் கல்வெட்டையும் விடாதீர்கள். தமிழ் ஆண்டு 60-க்கு ஒருமுறை திரும்பும்: பிரஜோற்பத்தி என்றால் 1871, 1931, 1991 மூன்றும் பொருந்தும். எழுத்து வடிவமும் கொடையாளர் பெயரும்தான் எந்தச் சுற்று என்று சொல்ல வேண்டும்.

கால அட்டவணையில் பாதி பாதியாக வெட்டுங்கள்

நிலையம் எப்போது வந்தது என்பதற்கு மிக நேர்மையான சாட்சி கால அட்டவணை. வண்டி நிற்காத நிலையத்தை அதில் போடமாட்டார்கள். கன்னிமாரா நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றில் பழைய அட்டவணைகளையும் ரயில்வேயின் ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். நகல் எடுக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும். அடையாள அட்டையோடு காலையிலேயே போய், முதலில் நூற்பட்டியைப் பாருங்கள்.

1931-இல் நிலையம் இல்லை, 1951-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டாகப் புரட்ட வேண்டாம். 1941-ஐ எடுங்கள். அதில் இருந்தால் 1936, இல்லாவிட்டால் 1946. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 20 ஆண்டு இடைவெளி ஐந்து புத்தகங்களில் ஓர் ஆண்டுக்குச் சுருங்கிவிடும். கேட்ட ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை மூன்று இடங்களில் கவிழும். ஒன்று, நிலையம் இடையில் மூடப்பட்டு மீண்டும் திறந்திருந்தால். கிடைத்த தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று அட்டவணைகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டு, கேட்டால் மட்டும் வண்டி நிற்கும் சின்ன நிறுத்தங்களை அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பார்கள். குறியீடுகளின் விளக்கப் பக்கத்தைப் படிக்காமல் அட்டவணையைப் படிக்காதீர்கள். மூன்று, எழுத்துக்கூட்டல். ஆங்கிலேயர் கால ஆவணத்தில் ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் உள்ள நிலையங்களையும் மைல் கணக்கையும் வைத்து அடையாளம் காணுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1905–06-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். அது இன்றைய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. பழைய அட்டவணையில் 6.00 மணி என்றால் இன்றைய கணக்கில் 6.09. இந்த 9 நிமிடத்தை மறந்துவிட்டு, வண்டி விரைவாக ஓடத் தொடங்கியதாக எழுதியவர்களும் உண்டு.

டிக்கெட், புகைப்படம்

பழைய அட்டை டிக்கெட் கிடைத்தால் தேதி முத்திரை அழிந்திருந்தாலும் காலத்தைப் பிடிக்கலாம். கட்டணம் அணாவில் மட்டும் இருந்தால் 1957-க்கு முன். "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே அச்சானது. தென்னிந்திய ரயில்வேயின் பெயர் இருந்தால் 1951-க்கு முன். மூன்றாம் வகுப்பு என்றிருந்தால் 1974-க்கு முன். ஆங்கில எழுத்தில் நிலையப் பெயர் சென்னை என்றிருந்தால் 1996-க்குப் பின். ஆனால் அச்சடித்த அட்டைகள் தீரும்வரை விற்பார்கள். அச்சின் காலமும் விற்பனையின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

புகைப்படத்தில் மேல்கம்பியைப் பாருங்கள். கம்பியே இல்லை என்றால் 1931-க்கு முன், அல்லது இன்னும் மின்மயமாகாத வேறொரு தடம். கம்பி தடிப்பாகவும் பீங்கான் தாங்கிகள் சிறியதாகவும் இருந்தால் 1,500 வோல்ட் காலம். தாங்கிகள் நீண்டு பெருத்திருந்தால் 1967-க்குப் பின். குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் போக வேண்டும், அதனால் தடித்த கம்பி. 25,000 வோல்ட்டைக் கம்பத்திலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும், அதனால் பெரிய தாங்கி. பெட்டியின் நிறத்தை வைத்துக் காலம் சொல்லாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னால் நிறம் ஏற்றியவர்கள் தம் விருப்பப்படி ஏற்றியிருப்பார்கள்.

பெயர்ப்பலகை தெரிந்தால் மொழிகளையும் வரிசையையும் குறியுங்கள். தமிழ்நாட்டில் ரயில் நிலையப் பலகை வெறும் பலகையாக இருந்ததில்லை. இந்தி எழுத்துகளில் தார் பூசும் போராட்டங்கள் 1950-களில் நடந்தன. 1953-இல் டால்மியாபுரம் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரிய போராட்டம் பின்னால் அரசியலையே திருப்பியது. உங்கள் நிலையத்தின் பலகை எப்போது எப்படி மாறியது என்பதற்குத் தனிப் பத்தி ஒதுக்கலாம்.

நிலம்

வருவாய்த்துறை ஆவணங்களில் நிலையம் "ரயில்வே புறம்போக்கு" என்றிருக்கும். கிராமத்தின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நில அளவைப் படமான புலப்படத்தில் அதன் வடிவத்தைப் பாருங்கள். பாதைக்கான நிலம் நீண்ட பட்டையாகப் போகும். நிலையம் உள்ள இடத்தில் மட்டும் பட்டை புடைத்திருந்தால் நிலையத்துக்கென்று தனியாக நிலம் எடுத்திருக்கிறார்கள். அதை 1894-க்குப் பின் எடுத்திருந்தால், 1894 நில எடுப்புச் சட்டத்தின் 4-ஆம், 6-ஆம் பிரிவு அறிவிக்கைகள் அன்றைய செயிண்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் சர்வே எண்ணோடு வந்திருக்கும். புடைப்பு இல்லையென்றால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இருந்த பட்டைக்குள்ளேயே மேடை கட்டியிருக்கிறார்கள்.

வருவாய்த்துறை ஆவணங்களில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு: பசலி 1341 என்றால் 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை. நிலம் எடுத்தது வேறு, வண்டி நின்றது வேறு. இடையில் பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

செய்தித்தாள்

எல்லையை ஓராண்டுக்குள் நெருக்கிய பிறகே பழைய நாளிதழைத் தொடுங்கள். முன்னதாகப் போனால் கண் வலிதான் மிஞ்சும். ஆங்கிலத்தில் இந்து, தமிழில் சுதேசமித்திரன், 1934 முதல் தினமணி, 1942 முதல் தினத்தந்தி. திறப்புவிழாச் செய்தி மட்டுமல்ல, ரயில்வேயின் விளம்பர அறிவிப்பும் முக்கியம். இந்தத் தேதி முதல் இந்த வண்டிகள் நிற்கும் என்று உறுதியாகச் சொல்வது அந்த அறிவிப்புத்தான்.

விழா நாளும் சேவை நாளும் வேறாக இருப்பது இங்கே வழக்கம். ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-இல் திறந்துவைத்தார். பொதுமக்களுக்கான வண்டி ஜூலை 1-இல்தான் புறப்பட்டது. 1931-க்கே ஏப்ரல் 2, மே 11, நவம்பர் 15 என மூன்று தேதிகள் புழக்கத்தில் உள்ளன. இப்படி வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அடிக்காதீர்கள். ஒவ்வொரு தேதிக்கும் அடுத்த ஒரு வார இதழ்களைப் பார்த்து, அன்று நடந்தது விழாவா, பயணிகள் சேவையா, பணி நிறைவா என்று பிரித்து எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம்

இணையவழி விண்ணப்பத்துக்கு 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். "இந்த நிலையம் எப்போது திறக்கப்பட்டது?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒற்றை வரி வரும். கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்துக்கு இப்படி எழுதலாம்:

1. இந்த நிலையத்தின் செயல்பாட்டு விதிப் புத்தகத்தில் நிலையத்தின் வகை, பாதை வரைபடம் உள்ள பக்கங்களின் நகல்.
2. பயணிகள் போக்குவரத்துக்கு ரயில் பாதுகாப்பு ஆணையர் கொடுத்த ஒப்புதல் கடிதத்தின் நகல்.
3. மேடை உயர்த்தல், நீட்டித்தல் பணிகளின் நிறைவு வரைபடங்கள், தேதியுடன்.
4. மேற்கண்டவை அழிக்கப்பட்டிருந்தால், அழித்ததற்கான பதிவின் நகல்.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் "இல்லை" என்ற பதிலுக்கு முன் யாராவது அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். முதல் விண்ணப்பத்தில் சிக்னல் வரைபடங்களைக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி முழு விண்ணப்பத்தையும் ஓரங்கட்ட வாய்ப்புண்டு. தனி விண்ணப்பமாகப் போடுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளின் தகவலைச் சில விலக்குகள் தவிரக் கொடுக்க வேண்டும் என்னும் பிரிவு 8(3) உங்கள் பக்கம் நிற்கிறது. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மனிதர்களிடம் கேட்பது

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கேட் கீப்பர், வாசலில் பூ விற்பவர், முப்பது வருடம் சீசன் டிக்கெட் எடுத்தவர். இவர்களில் கேட் கீப்பரிடம் கிடைப்பது அதிகம். ஊரும் ரயிலும் மோதிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஆண்டைக் கேட்காதீர்கள். "ஐயா, அண்ணா இறந்தப்போ இந்தப் பக்கம் மேடை இருந்துச்சுங்களா?", "எம்.ஜி.ஆர். இறந்த சமயம் டிக்கெட் எங்கே கொடுத்தாங்கம்மா?", "சுனாமி வந்தப்போ சின்ன லைன் வண்டி ஓடுச்சா?" என்று கேளுங்கள். 1969 பிப்ரவரி, 1987 டிசம்பர், 2004 டிசம்பர். கடைசிக் கேள்வி சோதனைக் கேள்வியும்கூட: மீட்டர் மின்சார ரயில் அதற்குள் நின்றுவிட்டது. "ஓடுச்சு" என்று அடித்துச் சொல்பவரின் மற்ற தேதிகளை இரண்டு வருடம் முன்னே பின்னே தளர்த்திக்கொள்ளலாம். ஆளை ஒதுக்கிவிடாதீர்கள், தேதி தவறுபவர்களுக்கு இடங்கள் துல்லியமாக நினைவிருக்கும். வெள்ளைத்தாளைக் கொடுத்து, பழைய மேடையும் மரமும் தண்ணீர்க் குழாயும் எங்கே இருந்தன என்று வரையச் சொல்லுங்கள்.

எழுதும்போது

தடத்தின் வரலாற்றை நான்கு வரியில் முடியுங்கள். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மீதி முழுவதும் உங்கள் நிலையத்துக்குப் போகட்டும். கட்டுரையின் அடியில் தேதி அட்டவணையை நான்கு நெடுவரிசைகளாகப் போடுங்கள்: நிகழ்வு, தேதி, ஆதாரம், உறுதி. "1938-க்கும் 1939-க்கும் நடுவே" என்று எழுதத் தயங்க வேண்டாம். தவறான ஒற்றைத் தேதி நாளைக்கு இருபது பக்கங்களில் ஒட்டப்படும். இடைவெளியோடு எழுதிய தேதியை மற்றொருவர் இன்னும் நெருக்குவார்.

படங்களின் கோப்புப் பெயரை நிலையம், மேடை எண், பார்க்கும் திசை, எடுத்த நாள் என்ற வரிசையில் வையுங்கள். மேடை எண்கள் புதுப் பாதை போடும்போது மாறும் என்பதால், எண்ணோடு "கிழக்கு", "மேற்கு" என்பதையும் சேருங்கள். அச்சிட்ட ஒரு பிரதி ஊர்க் கிளை நூலகத்துக்கு, ஒன்று ரோஜா முத்தையா நூலகத்துக்கு, ஒன்று வெள்ளைத்தாளில் வரைந்து கொடுத்த அந்தக் கேட் கீப்பர் வீட்டுக்கு.